பெட்டிக்குள் எரிந்த கரி

முட்டைக்கோப்பி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரர், பிள்ளை பெற்றவர்கள், ஆஸ்பத்திரியால் வீடு திரும்பியவர்கள் எல்லாருக்கும் முட்டையை அடித்துச் சீனி போட்டு, கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை ஊற்றிக் கொடுப்பார்கள். நல்ல சாமான்தான். நானும் எத்தனையோ தரம் குடித்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் அதை ஒரு பெண்ணின் வாயில் ஊற்றுவித்ததை இந்தக் கண்ணால் பார்த்த பிறகு அந்த வாசமே எனக்கு ஆகாமல் போய்விட்டது.

கொழும்புத்துறைக் கடலோர வீதியில் தண்ணீர்க் குழாய் தாழ்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். அந்தக் கொம்பனியில் நான் ஸ்டோருக்குப் பொறுப்பு. குருநகரிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். ஸ்டோர் என்றால் ஏதோ கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். சக்கரம் பூட்டிய தகரப் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். குழாய் வேலை முன்னேற முன்னேற ட்ராக்டர் வந்து அதையும் இழுத்துக்கொண்டு போகும். கொம்பனிக்காரர் ட்ரெயிலர் என்பார்கள், நாங்கள் பெட்டி என்போம். உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை, குழாய் மூட்டுகளும் கையுறைகளும் அடுக்கிய இரும்புத் தட்டு, சுவர் நிறையக் குழாய் போகும் பாதைகளின் பிளான். அதற்குள் நானும் அக்காவும்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. தென்மராட்சியில் தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். விடிய முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார். வீதியில் வாகனங்களுக்குச் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் காட்டுவது, வேலைக்காரருக்குத் தேத்தண்ணி வைப்பது, இரண்டும் அவருடைய வேலை. அதிகம் கதைக்கமாட்டார். நான் வாய்க்காரி, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அப்படித்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது.

கலியாணமாகிக் கனகாலம் அவருக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத டொக்டர் இல்லை, குடிக்காத கசாயம் இல்லை. கடைசியில் கந்தசஷ்டி பிடிக்கத் தொடங்கினார். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், தபசு காலத்தில் இறைச்சியை விடுவதையே பெரிய தியாகம் என்று ஊருக்குச் சொல்லித் திரிகிற ஆட்கள். அதனால் கந்தசஷ்டிக் கணக்கை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஐப்பசியில் ஆறு நாள் விரதம். அதைத் தொடர்ந்து ஆறு வருடம் பிடிக்க வேண்டும். இடையில் எந்த வருடம் முறிந்தாலும் பிடித்ததெல்லாம் போய்விடும், திரும்ப முதலில் இருந்துதான். அக்கா பிடித்த விரதமும் சும்மா விரதம் இல்லை. பகல் முழுக்கச் சுடுதண்ணீர் மட்டும். பொழுதுபட்டுக் கோயிலால் வந்த பிறகு கொஞ்சம் பாலும் ஒரு வாழைப்பழமும். நான் சொல்கிற அந்த வருடம் அவருக்கு ஆறாவது. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இதோடு சரி, இதற்குப் பிறகு கேட்பதற்குத் தன் உடம்பில் நாள் இல்லை என்று ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போதுகூட அழவில்லை, கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இனி அடுப்புக்கு வருகிறேன்.

பெட்டிக்குள் எந்த நேரமும் சுடுதண்ணீர் வேண்டும். தேத்தண்ணிக்கு மட்டுமில்லை. வீடுகளுக்குப் போகிற சின்னக் குழாயின் நுனியைச் சுடுதண்ணீரில் தோய்த்தால் அது இளகி மூட்டு லேசாக ஏறும். மழைக்குளிரில் குழாய் விறைத்துப்போய் நிற்கும், தோய்க்காமல் ஒன்றும் நடக்காது. முதலில் ஒரு மின்சாரக் கேத்தல் இருந்தது. ஜெனறேற்றர் தாங்காது என்று வேலைத்தளத்துக்குப் பொறுப்பான சைற் மனேஜர் அதை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய கொம்பியூட்டரையும் இரண்டு போனையும் மட்டும் அந்த ஜெனறேற்றர் நன்றாகத் தாங்கியது. காஸ் அடுப்பு வைப்போம் என்றோம். காஸ் சிலிண்டர் ஆபத்து, பாதுகாப்பு விதி இடம் கொடுக்காது என்றார். பாதுகாப்பு என்ற சொல்லை அவர் சொல்கிற அழகை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பூசை மந்திரம் சொல்வதுபோலச் சொல்வார்.

ஆகவே வேலைக்காரர் ஒருவர் உடைந்த இரும்புக் குழாயில் ஒரு முழம் வெட்டி, அடியில் துவாரம் போட்டு, மூன்று காலும் ஒட்டி ஒரு விறகடுப்புச் செய்து தந்தார். வெயில் காலம் முழுக்க அது வெளியில், பூவரச மரத்துக்குக் கீழே எரிந்தது. ஒரு குறையும் இல்லை. மழை தொடங்கியதும் பெட்டிக்குள் கொண்டுவந்தோம். விறகு நனைந்து புகைந்தது. மனேஜர் ஒருநாள் உள்ளே வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிளானெல்லாம் புகை மணக்கிறது, பெரிய ஒஃபிஸால் ஆட்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று கத்தினார். அன்றோடு விறகுக்குத் தடை. சிரட்டைக்கரி மூட்டை ஒன்று வந்து இறங்கியது. பிறகு யன்னலால் சாரல் அடித்துப் பிளானில் ஒன்று நனைந்துவிட்டது. அதற்கும் ஒரு கட்டளை. யன்னல் இரண்டையும் பொலித்தீனால் மூடிச் சுற்றிவர ஒட்டுநாடா ஒட்டுவித்தார். தட்டிப் பார்த்து, இனி ஒரு துளி வராது என்று சந்தோசப்பட்டார். ஒரு துளியும் வரவில்லைத்தான். காற்றும் வரவில்லை.

கரியைப் பற்றி எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் பயமில்லை. பிறந்த பிள்ளையின் தலைமயிர் உலரச் சாம்பிராணி காட்டுவது சிரட்டைக்கரியில். உடுப்பு அழுத்துவது சிரட்டைக்கரியில். விறகு என்றால் கண் எரியும், இருமல் வரும், கதவைத் திறப்போம். கரி புகையாது, கண்ணை உறுத்தாது. ஆகவே அது சுத்தம், அது நல்லது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நான் அதை ஒளிக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு விதிகளை மனப்பாடம் செய்து சம்பளம் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவர் பெட்டிக்குள் இருப்பதில்லை. வீதியோரம் நிற்பாட்டிய தன் பிக்கப்பில், கண்ணாடி ஏற்றி, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு இருப்பார்.

விரதத்தின் ஐந்தாம் நாள். விடியத் தொடங்கிய மழை விடவே இல்லை. விரத நாட்களில் மீன் சோற்றைப் பெட்டிக்குள் கொண்டுபோகமாட்டேன். அக்காவுக்குப் பக்கத்தில் அந்த மணத்தோடு இருக்க மனம் வராது. காலையில் வீட்டிலேயே புட்டும் விளைமீன் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

அக்கா கொடி காட்டிவிட்டு நனைந்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினார். சாரல் உள்ளே அடித்ததால் கதவைச் சாத்தினோம். அடுப்பில் பெரிய சருவத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கரி சிவந்து கணகணவென்று இருந்தது, பார்க்கவே வடிவு. நான் மூட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். எண்ணினது மறந்து மறந்து போனது. தலை இடித்தது. மழைக் குளிர் என்று நினைத்தேன். பிறகு வயிற்றைப் பிரட்டியது, மீன் பழுதோ என்று நினைத்தேன். அக்கா சுடுதண்ணீர் அள்ள எழும்பினார். கையிலிருந்த கோப்பை விழுந்தது. அவர் இரும்புத் தட்டில் சாய்ந்து, அப்படியே வழுகிக் கீழே போனார். நான் எழும்பப் பார்த்தால் கால் என் சொல் கேட்கவில்லை. தவழ்ந்துபோய்த்தான் கதவைத் தள்ளினேன். படியில் விழுந்து சத்தி எடுத்தேன்.

வேலைக்காரர் ஓடிவந்தார்கள். நல்ல மனிதர்கள், அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. ஈர உடுப்போடு கிடக்கிறா, குளிர் ஏறப்போகிறது என்று சொல்லி, அக்காவைப் பெட்டிக்குள்ளேயே கிடத்திக் கதவை மறுபடியும் சாத்தினார்கள். அடுப்பை அவருக்குக் கிட்ட நகர்த்தினார்கள். மனேஜர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். நெற்றியில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம். கதவால் எட்டிப் பார்த்தவுடனே விசயம் அவருக்கு விளங்கிவிட்டது. விரதக்காரி, வெறும் வயிறு, பசி மயக்கம் என்றார். ஒருவரை ஓடிப்போய்க் கடையில் முட்டையும் கோப்பித்தூளும் வாங்கிவரச் சொன்னார். அடுப்பை நன்றாக விசிறிவிடச் சொன்னார்.

நான் படியில் இருந்தபடி, அக்கா விரதம், முட்டை கொடுக்க வேண்டாம், வெளியில் தூக்குங்கள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். மனேஜர் திரும்பிப் பார்த்தார். சிரித்தமாதிரி இருந்தது.

"முருகன் கோவிக்கமாட்டார், பிள்ளை. ஊத்துங்கோடா."

ஊற்றினார்கள். ஒருவர் தலையைத் தூக்கிப் பிடித்தார், ஒருவர் கோப்பையை வாயில் வைத்தார். அந்தக் கரியில் கொதித்த தண்ணீர், அந்தக் கரியைச் சுவாசித்துச் சுவாசித்து விழுந்த மனுசிக்கு மருந்து. பாதி கழுத்தால் வழிந்தது, பாதி உள்ளே போனது. அக்கா கண்ணைத் திறந்தார். நாக்கு ஒருமுறை உதட்டைத் தடவியது. என்ன என்று தெரிந்தவுடனே கை வாய்க்குப் போனது. துப்பப் பார்த்தார். துப்புகிற பலம்கூட அவரிடம் இல்லை. மனேஜர், பார்த்தீர்களா, கண் திறந்துவிட்டா என்று எல்லாருக்கும் காட்டினார்.

ஆனால் கண் திரும்பவும் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவருக்குப் பயம் வந்து, பிக்கப்பில் ஏற்றச் சொன்னார். நானும் ஏறினேன். வழியில் கண்ணாடியை இறக்கினோம், மழை முகத்தில் அடித்தது. அந்தக் காற்றில் அக்கா மெல்ல முனகத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர். எங்கே வேலை, உள்ளே என்ன எரிந்தது, யன்னல் திறந்திருந்ததா என்று கேட்டார். நான் சொன்னேன். பிறகு என்னை உற்றுப் பார்த்து, உங்களுக்கும் தலையிடியா, சத்தியா என்று கேட்டார். ஓம் என்றதும் அக்காவுக்கு ஒட்சிசன் வைத்ததுபோல எனக்கும் வைத்துவிட்டார். கரியிலிருந்து மணமில்லாத, புகையில்லாத நஞ்சு ஒன்று வரும், மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும் என்று விளக்கினார். விரதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் எழும்பியிருக்கமாட்டீர்கள் என்றார். முகத்தில் மூடியைப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டேன். பயம் வரவில்லை. வந்தது கோபம்தான். அது இன்னும் போகவில்லை.

அடுத்த நாள் தலையிடியோடு வேலைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. போய்ப் பார்த்தால், பெட்டிக்குள் அடுப்பு எரிகிறது. யன்னலில் பொலித்தீன் அப்படியே. மனேஜர் காலையில் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். விரதம் பிடிப்பவர்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமாம், வெறும் வயிற்றோடு வேலைத்தளத்துக்கு வரக்கூடாதாம், பாதுகாப்பு முக்கியமாம். டொக்டர் சொன்னது அவருக்குத் தெரியாதா? தெரியும். முதல் நாள் பின்னேரமே போனில் சொல்லியிருந்தேன். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய், வயர் வெட்டுகிற கத்தியை எடுத்துப் பொலித்தீனைக் கிழித்தேன். ஒரு யன்னல், பிறகு மற்றது. அடுப்பில் இருந்த சருவத்தைத் தூக்கிக் கரிக்கு மேலேயே கவிழ்த்தேன். பெட்டி முழுக்க ஆவியும் சாம்பலும். மனேஜர் பிக்கப்பால் இறங்கி ஓடிவந்தார். அவர் முதலில் பார்த்தது பிளானைத்தான். நனையப்போகிறது என்று கத்தினார். விரதக்காரி விழுந்ததற்கு ஏன் கொம்பனிச் சாமானை உடைக்கிறாய் என்றார்.

"நான் என்ன விரதம், சேர்? புட்டும் மீனும் திண்டிட்டு வந்தனான். நான் ஏன் விழுந்தனான்?"

பயத்தில் விழுந்தாய் என்றார். எல்லாருக்கும் முன்னால் நின்று, முகம் மாறாமல், பயத்தில் என்றார். எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கடலோரத்தில் பிறந்தவள், சொல்லுக்குப் பஞ்சமில்லை. அவற்றை இங்கே எழுத முடியாது. வேலைக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பைச் செய்து தந்தவர் மட்டும் மண்வெட்டியை அடியில் கொடுத்து, அடுப்பைத் தூக்கிப் பூவரசுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்.

அன்று சூரன்போர். பின்னேரம் பஸ் ஏறி அக்காவைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியால் காலையிலேயே அவரை வீட்டுக்கு விட்டிருந்தார்கள். கோயிலில் மேளம் கேட்டது. ஊரெல்லாம் சூரனைப் பார்க்கப் போயிருந்தது. அக்காவின் புருசன் வெளியில் நின்றார். உள்ளே போகக் கையால் காட்டினார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் பால் ஆடை பிடித்துக் கிடந்தது, தொடவில்லை.

அயலில் ஆட்கள் வந்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் குடித்தது கணக்கில்லை, கடைசி நாளையும் பிடித்துப் பாறணையை முடி என்று கோயில் ஐயர்கூடச் சொல்லியனுப்பியிருக்கிறார். அக்கா அதை என்னிடம் சொல்லிவிட்டு, தன் நாக்குக்குத் தெரியும் என்றார். அவருக்கு அயலாரிலும் கோபமில்லை, மனேஜரிலும் கோபமில்லை. ஐந்தாம் நாளில் தன்னை விழுத்தியது முருகன்தான், உனக்கு இதைத் தாங்குகிற உடம்பு இல்லை, பிள்ளையை எப்படித் தாங்குவாய் என்று கேட்டுவிட்டான், அதுதான் பதில் என்றார். ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தவருக்கு டொக்டர் சொன்னது எதுவும் தெரியாது. புருசனும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் விரதம் திரும்பி வருமா என்று நினைத்தாரோ தெரியாது.

நான் சொன்னேன். கரி, நஞ்சு, ஒட்டின யன்னல், எனக்கும் ஒட்சிசன் வைத்தது, எல்லாம். அவர் மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் பசியிலை விழேல்லையோ?"

இல்லை என்றேன்.

"நிண்டு பிடிச்சிருப்பன், என்ன?"

ஓம் அக்கா என்றேன். ஐந்து வருடம் பிடித்தவர், ஒரே ஒரு நாள் மிச்சம். நடந்தே போய்ச் சேர்ந்திருப்பார். அவர் எழும்பி இருந்தார். கோயிலில் சூரனின் தலை விழுந்திருக்க வேண்டும், வெடிச் சத்தம் கேட்டது. கடவுள் மறுத்துவிட்டார் என்று நம்பிக் கிடந்த மனுசிக்கு, கடவுள் மறுக்கவில்லை, ஒரு மனிதன் பிளான் நனையாமல் பார்த்துக்கொண்டான் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்தார். அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல்தரம். எத்தனை நாள் லீவு வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், திங்கட்கிழமை வருவேன் என்றார்.

வந்தார். பெட்டிக்குள் வரவில்லை, கொடியையும் எடுக்கவில்லை. நேரே பிக்கப்பிடம் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டினார். மனேஜர் போனில் இருந்தார், கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். அக்கா பொறுத்தார். பிறகும் தட்டினார். குழாய் தாழ்க்க வெட்டின கிடங்குக்குள் நின்றவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் பெட்டியின் படியில் நின்றேன்.

கண்ணாடி பாதி இறங்கியது.

பசியில் விழவில்லை, உங்கள் கரியில்தான் விழுந்தேன் என்று அக்கா சொன்னார். முட்டையை ஊற்றச் சொன்னது நீங்கள் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது. மனேஜர் சுற்றிவரப் பார்த்தார். இத்தனை பேர் பார்க்கும்போது நல்லவராக இருப்பது அவருக்கு நன்றாக வரும். முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டார்.

"சரி பிள்ளை, நடந்தது நடந்திட்டுது. அடுத்த வருஷம் ஆறு நாளும் லீவு தாறன். வீட்டிலை இருந்து வடிவாப் பிடியுங்கோ."

"அடுத்த வருஷம் எனக்கு முதலாம் வருஷம், சேர்."

அவர் தலையை ஆட்டினார். லீவுக்குச் சம்மதித்துவிட்டா என்று நினைத்திருக்க வேண்டும். சாரல் உள்ளே அடித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டார்.